எருவைத் திருடிய வேம்பு

வீட்டோரம் வைத்த செடி ஒன்று வாடினால் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும்? தண்ணீர் போதவில்லை என்றா, வெயில் அதிகம் என்றா? எனக்கு யாரோ ஒருவருடைய முகம்தான் தோன்றும். யார் வந்தது, யார் நின்று பார்த்தது, கையில் என்ன இருந்தது என்று மனசு ஓடும். அறுபதைத் தாண்டிய பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. என் வயதில் இருக்கிற உங்களிலும் இப்படி ஒன்றிரண்டு பேர் இருப்பீர்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள். இந்தப் புத்தி எனக்கு எந்த மரத்தடியில் வந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் காடு கம்பைநல்லூர் சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது. காடு என்றால் மானாவாரி நிலம்தான், கேழ்வரகும் கொள்ளும் துவரையும் விளையும். மழை பெய்து வெளுத்த நாளில் கிழக்கே தீர்த்தமலை தெரியும். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டு நடுவில் ஒரு வரப்புப் போட்டிருந்தார்கள். கிணறு மட்டும் பொது. வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் வேம்பு, மூன்று ஆள் நின்று பேசுகிற நிழல். இந்தப் பக்கம் எங்களுடைய புதர். ஆவாரையும் முள்ளும் தானாக முளைத்த துவரையுமாகக் கிடக்கும். ஆடு மேய்க்கவும் அவசரத்துக்கு ஒதுங்கவும் தவிர அங்கே யாரும் போக மாட்டார்கள்.

அந்தப் புதருக்குள் ஒரு மரம் வளர்ந்து நின்றது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பாரஸ்ட் கார்டுதான் கண்டுபிடித்தார். சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டுப் புதருக்குள் நுழைந்தவர், வெளியே வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு விட்டார்.

"இது என்னா மரம் தெரியுமா?"

"ஏதோ குருவி போட்டதுங்க. நாங்க வெக்கல."

"சந்தனம். கவர்மெண்டு மரம். உன் நெலத்துல நிக்குது, அவ்ளோதான். வெட்டுப்பட்டாலும் நீதான் பதில் சொல்லணும், காஞ்சி போனாலும் நீதான் பதில் சொல்லணும்."

"வெட்டாம பாத்துக்கலாம். காஞ்சா நான் என்னாங்க பண்ணுவன்?"

"காயாம பாத்துக்கோ."

பட்டையில் ஒரு சாண் சீவி, கறுப்பு மையால் எண் எழுதிவிட்டுப் போனார். இப்போது இருப்பது போல இல்லை அந்தக் காலம். சந்தனக் கன்று கண்ணில் பட்டால் இரண்டு இலை விடுவதற்குள் பிடுங்கி எறிந்துவிடுகிற ஊர் எங்களுடையது. யாரோ எங்கேயோ வெட்டிய கட்டைக்கு வேறு யாரோ அடி வாங்கிய கதை வீட்டுக்கு ஒன்று இருந்தது. எண் எழுதிய பிறகு பிடுங்கவும் முடியாது.

கார்டு போனதும் நாங்கள் எல்லோரும் போய் மரத்தை முகர்ந்து பார்த்தோம். சீவிய பட்டையில் பச்சை வாசம்தான் வந்தது. முருங்கைக் கிளையை முறித்தால்கூட அதைவிட நன்றாக இருக்கும். "வாசமே இல்லாத மரத்துக்கு இம்மாம் வம்பா" என்றாள் அம்மா. வாசம் உள்ளே வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் இருக்கும், அது ஏறுவதற்கு வருஷக் கணக்காகும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. எனக்கு அன்றே ஒரு சந்தேகம். இது சந்தனமே இல்லை, அப்பாவை மாட்டிவிட யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்பா பயந்தவர். தபால்காரர் வாசலில் நின்றாலே சட்டையைத் தேடுவார். அன்று சாயங்காலத்திலிருந்து அந்த மரம் அவருக்கு வீட்டில் படுத்துக் கிடக்கிற நோயாளி மாதிரி ஆகிவிட்டது. விடிந்ததும் அங்கே போய்த்தான் நிற்பார்.

அவருக்குத் தெரிந்த விவசாயம் ஒன்றுதான். களை எடுத்தால் பயிர் கொழிக்கும். நமக்கும் அதுதானே தெரியும். ஒரு தட்டில் இரண்டு பேர் கை வைத்தால் யாருக்கும் வயிறு நிறையாது. ஆகவே புதர் முழுவதையும் வெட்டினார். ஆவாரை போயிற்று, துவரை போயிற்று. மரத்தைச் சுற்றிக் களம் மாதிரி கொத்திச் சுத்தமாக்கி, பாத்தி கட்டி, ஆட்டுப்புழுக்கையும் மக்கிய குப்பையும் கூடை கூடையாகக் கொட்டி, மேலே ஏரி வண்டலைப் பரப்பினார். அந்த எரு அவரைப் பந்தலுக்கு வர வேண்டியது. "அந்த வருஷம் அவரைக்காயே நாம திங்கல" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

விருந்து வைத்த மாதிரி எரு வைத்தும் மரம் மஞ்சளாகத் தொடங்கியது. முதலில் உச்சி. பிறகு இலை நுனிகள் காய்ந்து சுருண்டன. அப்பா இன்னும் எரு வைத்தார். இன்னும் மஞ்சளானது. போட்ட எரு எங்கேயோ போகிறது, யாரோ தின்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அக்கம்பக்கத்தில் தின்பதற்கு வாய் உள்ளது ஒன்றுதான் நின்றது. வரப்புக்கு அந்தப் பக்கம், கரும்பச்சையாக, கொழுகொழுவென்று பெரியப்பாவின் வேம்பு.

ஒரு நாள் காலையில் கடப்பாரை மண்வெட்டியோடு வரப்புக்குப் போனார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பெரியப்பா வேம்படியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்னடா, கடப்பாரையோட வர்ற? வரப்பப் பேத்து இன்னொரு பாகம் கேக்கப் போறியா?"

"இல்லண்ணா. உங்க வேம்பு வேரு எங்க பக்கம் வந்து எருவத் திங்குது."

"திங்குதா? ஏப்பம் விட்டுச்சா? நீ கேட்டியா?"

"மரம் மஞ்சளாவுது. நீங்களும் பாக்கறீங்க இல்ல."

"நாம பொறக்கறதுக்கு மின்னயே இது இங்கதான்டா நிக்குது. உன் மரம் நேத்து குருவி பேண்டதுல மொளச்சது. ரெண்டுல எது எத திங்கும்?"

இதை அவர் கேலிக்குத்தான் சொன்னார். கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று அவருக்கும் தெரியாது.

"உங்க பக்கம் நான் தொட மாட்டன். என் பக்கத்துல குழி எடுத்து வேர அறுத்து விடறன்."

"எடு எடு. உன் நெலம். பத்திரத்த வேருக்கும் ஒருக்கா படிச்சிக் காட்டிட்டு எடு."

பக்கத்துக் காட்டு மரம் பயிரைக் கெடுத்தால் வரப்போரம் நீளக் குழி எடுத்து வேரை அறுப்பது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. அறுத்த வருஷம் கேழ்வரகு தேறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அப்பா வரப்பு நீளத்துக்கு, என் இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டினார். உள்ளே இறங்கி மண்ணை அள்ளிப் போட்டது நான்தான். குளிர்ந்த மண், நனைந்த சாக்கு வாசம். கை வைத்த இடமெல்லாம் வேர். வேம்பின் வேர் தடியாகவும் சிவந்தும் இருந்தது. அதன் மேல் சந்தனத்தின் மெல்லிய வேர்கள் படர்ந்திருந்தன. இரண்டும் தொட்டுக்கொண்ட இடங்களில், மாட்டின் காதுக்குள் ஒட்டியிருக்குமே உண்ணி, அந்த மாதிரி சின்னச் சின்ன முடிச்சுகள்.

அப்பா குனிந்து பார்த்தார். முகமே மாறிவிட்டது.

"பாரு, எப்பிடி ஒட்டிக்கினு உறியுது பாரு! மாட்டு ரத்தத்த உண்ணி உறியற மாதிரி."

உண்ணி எது, மாடு எது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அரிவாளால் ஒவ்வொன்றாக அறுத்தார். திருடன் கையை வெட்டுகிற மாதிரி அறுத்தார்.

சாப்பாடு கொண்டுவந்த அம்மா குழியின் சுவரில் வேறொன்றைப் பார்த்தாள். எருவும் பழைய வேப்பிலையும் படிந்த அடுக்கில், பஞ்சை இழுத்துவிட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாக இழைகள் ஓடின.

"இது வேரு இல்லீங்க. இது நூலு. யாரோ மருந்து வெச்சிருக்காங்க."

"மண்ணுக்குள்ள யாரு வந்து வெப்பா?"

"மண்ணுக்குப் பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்க" என்று சொல்லி, அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெரியம்மாவைப் பார்த்தாள்.

பெரியம்மா என்ன செய்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆகிவிட்டது. சிரித்தால் ஓர் அர்த்தம், சிரிக்காவிட்டால் இன்னொன்று.

இடி இடித்து நல்ல மழை பெய்த மறுநாள் வேம்படிப் புற்றோரம் காளான் பூத்தது. பெரியம்மா குழம்பு வைத்து, மூடி போட்ட பித்தளைப் போசியில் ஊற்றி வரப்பின் மேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "பாப்பா, உனக்குக் காளான்னா உசுராச்சே. களிக்கு நல்லா இருக்கும், எடுத்துக்கினு போ."

மூடியைத் திறந்தபோது வந்த மிளகு வாசம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. அம்மா கரண்டியால் ஒன்றை எடுத்துப் பிளந்து வெளிச்சத்தில் பார்த்தாள். "குழியில வெள்ளையா இருந்துச்சே, அதுவும் இதுவும் ஒரே சாதி" என்றாள். குழம்பு எருக்குழிக்குப் போனது. நான் வெறும் களியை உப்பு மிளகாயோடு தின்றேன். போசியைத் தேய்த்து வரப்பின் மேலேயே வைத்தாள் அம்மா. பெரியம்மா எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை. மழையிலும் வெயிலிலும் அது அங்கேயே கிடந்து, ஒரு நாள் காணாமல் போனது. எடுத்தது யார் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒரு ஆள் மேல் சந்தேகம் உண்டு. செத்தவர்களைப் பற்றி எழுதக் கூடாது.

குழி எடுத்த பிறகு மரம் தேறவில்லை. இன்னும் வேகமாக உதிர்ந்தது. அப்படியானால் யாரோ ராவும் பகலும் ஏதோ ஊற்றுகிறார்கள். காவல் வேண்டும். அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். வீட்டில் மிச்சம் நான் ஒருத்திதான், ஒரே பிள்ளை.

"பள்ளிக்கூடம் எங்க ஓடியா போவுது? மரம் தேறட்டும், அப்பறம் போவட்டும்" என்றார் அப்பா.

மரம் தேறவில்லை. நானும் போகவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு. கம்பைநல்லூர் சந்தையில் வாங்கிக் கொடுத்த என் அலுமினியப் புத்தகப் பெட்டியில் அம்மா அவரை விதையைப் போட்டு, சாம்பல் தூவி மூடி வைத்தாள். அதைத் திறக்கும்போதெல்லாம் பென்சில் வாசமும் சாம்பல் வாசமும் சேர்ந்து வரும்.

காவல் என்றால் நிழலே இல்லாத இடத்தில் குச்சியோடு உட்கார்ந்திருப்பது. புதரையெல்லாம் வெட்டியாயிற்று, மரத்திலும் பாதி இலை இல்லை. வரப்பில் போகிற ஆளை எல்லாம் கவனித்தேன். ஆடு மேய்க்கிறவர் ஏன் நின்றார்? அந்தக் கிழவி ஏன் மூக்கைச் சிந்தினாள்? இலைகள் விழுவதை எண்ண ஆரம்பித்து, எண்ணுவதே பயமாகி விட்டுவிட்டேன். மரம் காய்ந்தால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அது ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது.

"வெயில்ல ஏன்டி வேகற? இங்க வா, நெழல்ல ஒக்காந்து பாரு. மரம் எங்கயும் ஓடாது" என்று பெரியம்மா வேம்படியிலிருந்து கூப்பிடுவாள். நான் போக மாட்டேன். வெயில் சாய்ந்ததும் அவள் முறத்தில் மண்ணை அள்ளி வந்து குழியில் கொட்டுவாள். காலால் மிதித்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம். அதில் மறைப்பதற்கு ஒன்றும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, என் கண்ணெதிரேதான் கொட்டினாள். கூலி வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பிய அம்மா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னாக்கா கொட்டற?"

"மண்ணுதான்டி."

"எங்க குழில உனுக்கு என்னா வேல?"

"அறுத்த வேரு வெளிய நீட்டிக்கினு கெடக்குது. வெயில்ல காயறத பாக்க முடியல. மாட்டுக் காயத்துக்கு மஞ்ச வெக்கறதில்ல? அந்த மாதிரி."

"வெறும் மண்ணுதானா? தீர்த்தமலை தீர்த்தத்துல கை வெச்சிச் சத்தியம் பண்ணுவியா?"

பெரியம்மா முறத்தைத் தட்டினாள். "ரெண்டு மொறம் மண்ணு போட்டதுக்கு மலையேறிச் சத்தியம் பண்ணணுமா? போடி."

சத்தியத்துக்கு வரவில்லை என்றால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி. ஊரும் அப்படித்தான் சொன்னது. மறுநாள் அப்பா அந்த மண்ணை எல்லாம் வாரி வெளியே போட்டு, குழியை இன்னும் ஆழமாக்கினார். பொதுக் கிணற்றில் நாங்கள் காலையில் இறைத்தால் அவர்கள் மாலையில் இறைப்பது என்று ஆகிவிட்டது.

பொங்கலுக்கு மரம் விறகாக நின்றது. கார்டு வந்து நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இல்லை. "என்னாய்யா ஊத்துன?" என்று அப்பாவைக் கேட்டார். நாங்கள் மாதக் கணக்காகப் பெரியம்மாவைக் கேட்ட அதே கேள்வி. அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ரேஞ்ச் ஆபீசுக்குப் போனார்கள். அடுத்த பஸ்ஸில் பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அதே திசையில் போனதை அம்மா பார்த்தாள். "சாட்சி சொல்லப் போறாரு" என்றாள். சில நாள் கழித்து அப்பா திரும்பி வந்தார். அங்கே நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சம்மணம் போட்டு உட்கார மட்டும் அதற்குப் பிறகு அவரால் முடியவில்லை. பெரியப்பா மாட்டிவிடப் போனாரா, மீட்கப் போனாரா? நாங்கள் கேட்கவில்லை. கேட்காமலே முடிவு செய்துவிட்டோம்.

நடுவில் எத்தனையோ வருஷம். எனக்கு வீட்டோடு மாப்பிள்ளை வந்தார், போய்ச் சேர்ந்தார். அந்தப் பக்கமும் பெரியவர்கள் யாரும் இல்லை. வேம்பு மட்டும் நிற்கிறது. அன்று இடுப்புக் குழந்தையாக இருந்த பெரியப்பா மகன்தான் இப்போது அந்த நிலத்தில் இருக்கிறான். சாவுக்குப் பேசுவோம், சடங்குக்குப் பேசுவோம். மற்றபடி இல்லை.

இந்த மழைக்கு என் மருமகள் நர்சரியிலிருந்து சந்தனக் கன்றுகள் வாங்கி வந்தாள். இப்போது பட்டா நிலத்தில் வளர்க்கலாமாம். நான் நம்பாமல் நாலு பேருக்குப் போன் போடச் சொன்னேன். போட்டாள். அப்படியும் எனக்குத் திருப்தி இல்லை. கன்றுப் பைகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பையிலும் கன்றை ஒட்டி ஒரு துவரைச் செடி. காசு வாங்கிக்கொண்டு களையோடு கொடுத்திருக்கிறானே என்று பிடுங்கப் போனேன்.

"அத்தே! அதப் புடுங்காதீங்க! புடுங்கினா கன்னு செத்துரும்."

"களைம்மா இது. எருவெல்லாம் இதே தின்னுடும்."

"இல்லத்தே. சந்தனம் தன் வேர வெச்சி முழுசா பொழைக்காதாம். பக்கத்துல இருக்கற செடி வேர்ல ஒட்டிக்கினு, அது மண்ணுல இருந்து எடுக்கறதுல பங்கு உறிஞ்சிக்குமாம். சின்னதுல துவரை. பெருசானா வேம்பு, புங்கன், எது கெடைக்குதோ அது."

"எப்பிடி ஒட்டும்?"

"வேர்ல குட்டிக் குட்டியா முடிச்சு மாதிரி."

"யாரு யார உறியறது? நல்லா கேட்டியா?"

"சந்தனம்தான் உறியும் அத்தே."

நான் துவரையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

விற்கிறவன் எதையும் சொல்வான் என்று அந்த நர்சரிக்கு நானே போய்க் கேட்டேன். அதையும் நம்பாமல் இன்னொரு நர்சரியில் கேட்டேன். ஒரே பதில். மண்ணுக்குள் வெள்ளை இழை ஓடுமே, அது என்ன என்றும் கேட்டேன். அது காளான் சாதிதான், குப்பையையும் உதிர்ந்த இலையையும் கரைத்துத் தின்னும், அது கரைத்து மிச்சம் விடுவதைத்தான் வேர் எடுத்துக்கொள்ளும், அந்த இழை ஓடினால் மண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்றான் முதல் நர்சரிக்காரன். சாதி ஒன்று என்று அம்மா சொன்னது சரி. மருந்து என்றதுதான் தப்பு. இரண்டாவது நர்சரிக்காரன், சந்தனம் நோய் வந்தும் காயும் என்றான். அப்படியும் இருக்கலாமே என்று கொஞ்ச நாள் அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். முடியவில்லை. அந்த முடிச்சுகளை அறுக்கும்போது பக்கத்தில் நின்றவள் நான்.

பெரியம்மா போட்ட மண்ணை விட்டிருந்தால் அறுந்த வேர்கள் மறுபடி தேடிப் பிடித்திருக்குமா? தெரியாது.

ஒரு கன்றை மட்டும் துவரையோடு எடுத்துக்கொண்டு வரப்போரம் போய்க் குழி தோண்டினேன். பெரியப்பா மகன் அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"என்னாக்கா நடற?"

"சந்தனம்."

அவன் வேம்பைப் பார்த்தான். "ஏன், ஒங்க காட்டுல வேற எடமே இல்லியா?"

"இருக்குது. இது உன் வேம்புகிட்டதான் நல்லா பொழைக்கும். வேரு அந்தப் பக்கம் வந்து உன் மரத்துல உறியும். சொல்லிட்டுத்தான் நடறன்."

"திருடப் போறன்னு சொல்லிட்டுத் திருடறவங்கள இப்பத்தான் பாக்கறன்."

"அன்னிக்கும் இதான் நடந்துச்சி. திருடுனது எங்க மரம். எங்களுக்குத் தெரியல."

அவன் காலால் வரப்பு மண்ணைத் தள்ளினான்.

"எங்கம்மா மண்ணுதான் போட்டுச்சி" என்றான்.

"ஆமா."

"கடசில நெனவு தப்பிக் கெடக்கறப்பகூட அதான் சொல்லும். மண்ணுதான் போட்டன், மண்ணுதான் போட்டன்னு."

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போய்விட்டான்.

அன்றிலிருந்து விடிந்ததும் வரப்புக்குத்தான் போகிறேன். அப்பா மாதிரியே. அவன் பக்கம் குழி எடுத்திருக்கிறானா என்று பார்க்கிறேன். எடுத்தால் கேட்க எனக்கு வாய் இல்லை. இதுவரை எடுக்கவில்லை.

நேற்றுக் காலையில் கன்றைச் சுற்றி ஆடு கடிக்காதபடி முள் வெட்டிப் போட்டிருந்தது. நான் போடவில்லை. மருமகளைக் கேட்டேன், அவளும் போடவில்லை. பச்சை முள், அந்தப் பக்கத்து வேலி முள். ஏன் போட்டான், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று என் புத்தி போகிற வழியிலேயே போனது. குனிந்து முள்ளை ஒவ்வொன்றாக விலக்கினேன். கன்றடி மண்ணை ஒரு கை அள்ளி முகர்ந்தேன்.

மண் வாசம்தான் வந்தது. மறுபடியும் முகர்ந்து பார்த்துவிட்டு, முள்ளை அவன் வைத்த மாதிரியே திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.